கலவையா, கலப்படமா?
பெருங்காய டப்பா சொல்லும் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரத்தில் நான் பணிபுரியும் கல்லூரியில் ஓர் அறிவியல் கண்காட்சி நடந்தது. உணவுக் கலப்படம் பற்றிய பகுதி என் பொறுப்பு. மாணவர்கள் மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைகளில் எட்டு மாதிரிப் பெருங்காயம் வாங்கி வந்தனர். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து, நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விட்டனர். எட்டுச் சோதனைக் குழாய்களும் கருநீலமாயின. மாவுச்சத்து இருந்தால் அயோடின் நீலமாகும் என்பது பள்ளிப் பாடம். உடனே குழாய்களுக்குப் பின்னால் ஓர் அட்டையை நிறுத்தினோம்: "எட்டில் எட்டும் கலப்படம்!"

மாலையில் ஒருவர் அந்த அட்டையின் முன் வெகுநேரம் நின்றார். எங்கள் பகுதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர்; எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. அவருடைய மகள் எங்கள் கல்லூரி மாணவி. மேசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சார், இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. 'கூட்டுப் பெருங்காயம்'னு போட்டிருக்கா? மைதா மாவு, கோந்துன்னு போட்டிருக்கா? அவன் சொல்லித்தான விக்கான். இதுல கலப்படம் எங்க இருக்கு? இருபது வருசமா கட வச்சிருக்கேன். நாளைக்கு எம் பேரு என்னாவும்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவர் சொன்னது சரி. எங்கள் சோதனையில் பிழை இல்லை. நாங்கள் எழுதிய முடிவில்தான் பிழை. மாவு இருக்கிறது என்று அயோடின் சொல்லும். மாவு இருக்கலாமா கூடாதா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது சட்டம். அந்தச் சட்டத்தை நாங்கள் யாரும் படித்திருக்கவில்லை.

அட்டையைக் கழற்றிவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். நம் சமையலறையின் மிகச் சிறிய டப்பாவுக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கும் என்று எண்ணவில்லை. அதில் ஒரு பகுதியை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெருங்காயம் என்பது என்ன?

ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட மலைச் சரிவுகளில் 'பெருலா' என்னும் பேரினச் செடிகள் வளர்கின்றன. கொத்தமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்கைந்து ஆண்டு வளர்ந்த செடியின் வேர்த்தலையைக் கீறினால் பால் வடியும். அது காற்றில் காய்ந்து பிசினாகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி கீறுவார்கள். இப்படிச் சேர்ந்த பிசினே பெருங்காயம்.

அதில் மூன்று பகுதிகள் உண்டு. 40 முதல் 64 விழுக்காடு வரை ரெசின். ஏறத்தாழ 25 விழுக்காடு கோந்து. 10 முதல் 17 விழுக்காடு ஆவியாகும் எண்ணெய். வாசனை அந்த எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் மணத்துக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளில் பெருங்காயம் அந்த இடத்தை நிரப்புவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இந்தியாவில் இது வணிக அளவில் விளைந்ததில்லை. பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம், 2018இல் ஈரானிலிருந்து விதை பெற்று, 2020 அக்டோபர் 15 அன்று லாகுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டது. அப்போது நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 டன் பிசினை இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

அந்தப் பிசினை அப்படியே சாம்பாரில் போட முடியாது. கையில் ஒட்டும், அளவு சற்றுக் கூடினால் குழம்பு கசக்கும். ஆகவே அதை மாவுடனும் கோந்துடனும் பிசைந்து, வீரியத்தைக் குறைத்து, கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். வட இந்தியாவில் இதற்கு 'பந்தானி ஹிங்' என்று பெயர். கூட்டுப் பெருங்காயம் என்பது இதுவே. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆக, கலப்பது இங்கே தொழில்முறை. அப்படியானால் கலவை எங்கே முடிகிறது, கலப்படம் எங்கே தொடங்குகிறது? ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் இயற்றியவர்களும் வேதியியலாரும் சேர்ந்து விடை தேடிய கேள்வி இது.

தண்டிக்கத் தெரியும், அளக்கத் தெரியாது

கலப்படத்துக்குத் தண்டனை புதிதன்று. அர்த்தசாஸ்திரம் தானியம், எண்ணெய், உப்பு, மணப்பொருள், மருந்து ஆகியவற்றில் அவற்றைப் போலவே தோன்றும் மட்டமான பொருளைக் கலப்பவனுக்கு 12 பணம் அபராதம் விதிக்கிறது. மணப்பொருளும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். விலை அதிகம், அளவு குறைவு, சோதிப்பது கடினம் என்ற மூன்றும் சேர்ந்த பொருளைத்தான் மோசடிக்காரன் என்றும் தேடிப் போகிறான்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 272, 273 ஆகிய இரு பிரிவுகள் உணவுக் கலப்படத்துக்காக ஒதுக்கப்பட்டன. தண்டனை 6 மாதச் சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: கலந்ததால் அந்த உணவு தீங்கு விளைவிப்பதாக மாறியிருக்கவேண்டும். பெருங்காயத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு மைதாவைச் சேர்த்து 'சுத்தப் பெருங்காயம்' என்று விற்றால் யாருக்கும் வயிறு வலிக்காது, பணம்தான் போகும். அவனை அந்தப் பிரிவால் பிடிக்க முடியாது.

இதே இடர்ப்பாடு இங்கிலாந்திலும் இருந்தது. 1820இல் இலண்டனில் பிரெடரிக் ஆக்கம் என்னும் வேதியியலார் உணவுக் கலப்படங்களை அம்பலப்படுத்தி நூல் வெளியிட்டார். 1850களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் காப்பி, மிளகு, கடுகு முதலியவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தாவரத்தின் மாவுத் துகளுக்கும் தனி உருவம் உண்டு. கலந்ததை அது காட்டிக்கொடுத்தது. இம் முயற்சிகளின் பலனாக 1875இல் வந்த ஆங்கிலச் சட்டம் கேள்வியையே மாற்றிவிட்டது. 'இது உடலுக்குக் கேடா?' என்று மட்டும் அது கேட்கவில்லை. 'வாங்குபவர் கேட்ட தன்மையும் பொருளும் தரமும் இதில் இருக்கின்றனவா?' என்றும் கேட்டது. நான் கேட்டது ஒன்று, நீ கொடுத்தது வேறு என்றால், அதுவே குற்றம்.

அந்தச் சிந்தனை நம் மாகாணத்துக்கு 1918இல் வந்தது. அந்த ஆண்டின் மூன்றாம் சட்டமே சென்னைக் கலப்படத் தடைச் சட்டம். மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் செய்தன. தரங்களும் தனித்தனியாகவே இருந்தன. ஒரு மாகாணத்தில் குற்றமாவது எல்லையைத் தாண்டினால் வியாபாரமாகிவிடும் நிலை.

எட்டாவது நிலையம்

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நோக்கிச் சென்றால் எட்டாவது நிலையம் கிண்டி. அங்கே கிங் நிறுவனம் இருக்கிறது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயர் அதற்கு. 1899இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காகத் தோன்றிய நிறுவனம் அது. நோய்த் தடுப்புக்கென எழுந்த அந்த வளாகத்தில்தான் அரசின் உணவுப் பகுப்பாய்வும் இடம்பெற்றது. உணவைச் சோதிப்பதும் நோயைத் தடுப்பதும் ஒரே வேலை என்று அக்காலச் சுகாதாரத் துறையினர் கருதியதன் அடையாளம் இது. பழைய கலப்பட வழக்குகளின் தீர்ப்புகளைப் புரட்டினால், 'கிண்டி கிங் நிறுவனத்தின் பொதுப் பகுப்பாய்வாளர்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். இன்று தமிழ்நாட்டில் கிண்டியோடு சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன.

எண்களால் ஆன வேலி

விடுதலைக்குப் பின் நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின் பின்னிணைப்பு எனக்கு ஒரு நல்ல அறிவியல் நூலைப் போலவே தோன்றுகிறது. ஒவ்வோர் உணவுக்கும் அதில் எண்களால் வேலி போட்டிருக்கிறார்கள்.

பெருங்காயத்துக்குப் போட்ட வேலியைப் பாருங்கள். தனிப் பெருங்காயத்தில் மொத்தச் சாம்பல் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாத சாம்பல் 2.5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. மாவுச்சத்து 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 90 விழுக்காடு எரிசாராயத்தில் கரையும் பகுதி 12 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. கூட்டுப் பெருங்காயத்துக்கோ மொத்தச் சாம்பல் 10, அமிலத்தில் கரையாத சாம்பல் 1.5, எரிசாராயத்தில் கரைவது குறைந்தது 5 விழுக்காடு. இந்தக் கடைசி அளவை அமெரிக்க மருந்துநூலின் 1936ஆம் ஆண்டு முறைப்படி காணவேண்டும் என்றுகூட எழுதிவைத்தார்கள்.

இந்த எண்களுக்குப் பொருள் என்ன? பொருளை எரித்தால் தாவரப் பகுதி போய்விடும். கனிமப் பகுதி சாம்பலாக நிற்கும். பிசினைத் தரையோடு சுரண்டுவதால் சிறிது மண் சேர்வது இயல்பு. அளவுக்கு மீறினால் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலை அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும், மணல் கரையாது. ஆக, முதல் எண் எவ்வளவு கனிமம் என்று சொல்கிறது. இரண்டாவது எண் அதில் மணல் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறது. எரிசாராயத்தில் கரைவது ரெசினும் எண்ணெயும், அதாவது பெருங்காயத்தின் உயிர். மாவும் கோந்தும் அதில் பெரும்பாலும் கரைவதில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. எரிசாராயத்தில் 50 விழுக்காடு கரையக்கூடிய நல்ல பிசின் ஒருவரிடம் இருக்கிறது. 10 கிராம் பிசினுடன் 90 கிராம் மாவும் கோந்தும் சேர்த்தால், 100 கிராமில் கரையக்கூடியது 5 கிராம். சட்டத்தின் 5 விழுக்காடு நிறைவேறிவிட்டது. இன்னொருவரிடம் 12 விழுக்காடு மட்டுமே கரையும் மட்டமான பிசின் இருக்கிறது. அதே 5 விழுக்காட்டை எட்ட அவர் 42 கிராம் சேர்க்கவேண்டும். இரண்டு டப்பாக்களும் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே இருப்பதோ மிகவும் வேறுபட்டது. எண் என்பது ஒரு தளம். அதற்குக் கீழே போகக்கூடாது என்பதே அதன் பொருள். பொருளின் முழுக் கதையை அது சொல்லிவிடாது.

இதை விதி வகுத்தவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே எண்களோடு நிற்காமல், கூட்டுப் பெருங்காயத்தில் எவ்வளவு உணவு மாவு சேர்ந்திருக்கிறது என்பதைத் தோராயமாகவேனும் லேபிளில் எழுதவேண்டும் என்றும் கட்டளையிட்டனர். அண்ணாச்சி என்னிடம் காட்டிய பொடியெழுத்து வரி அந்த வரலாற்றின் வழியாக வந்ததுதான்.

எண்ணை ஏமாற்றிய கதை

எண்களை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு 1930இல் அமெரிக்காவில் ஒரு கொடிய பாடம் கிடைத்தது. மதுவிலக்குக் காலம் அது. மருந்தாகவும் மணமூட்டியாகவும் விற்ற 'ஜமைக்கா இஞ்சிச் சாறு' பெரும்பகுதி சாராயமே. அதைப் பலர் குடிப்பதற்காகவே வாங்கினர். குடிக்க இயலாதபடி காரம் மிகுந்திருக்கவேண்டும் என்பதற்காக, சாற்றில் இவ்வளவு இஞ்சிப் பொருள் இருக்கவேண்டும் என்று அரசு விதித்திருந்தது. ஆய்வாளர் சாராயத்தை ஆவியாக்கி, எஞ்சும் திடப்பொருளை எடை போடுவார். எடை சரியாக இருந்தால் சாறு தேறிவிடும்.

சில தயாரிப்பாளர்கள் இஞ்சியைக் குறைத்துவிட்டு, ஆவியாகாத வேறொரு பொருளைச் சேர்த்து எடையைச் சரிக்கட்டினர். அவர்கள் தேர்ந்தெடுத்தது நிறமற்ற, மணமற்ற ஒரு தொழிற்சாலை வேதிப்பொருள்: டிரை ஆர்த்தோ கிரெசில் பாஸ்பேட். தராசு ஏமாந்தது, மனித நரம்பு ஏமாறவில்லை. பல்லாயிரம் பேருக்குக் கால்கள் செயலிழந்தன. அதே வகைச் சேர்மம் 1988இல் கல்கத்தாவின் பேஹாலா பகுதியில் சமையல் எண்ணெயில் கலந்து நூற்றுக்கணக்கானோரை முடக்கியது.

நம் பெருங்காய விதிக்குத் திரும்புவோம். எரிசாராயத்தில் கரைவது 5 விழுக்காடு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால், மலிவான பைன் மரப் பிசினைச் சேர்த்து அந்த எண்ணை எட்டிவிடலாம். அதுவும் சாராயத்தில் கரையும். ஆகவே கொலோபனி என்னும் பைன் பிசின், கல்பனம், அம்மோனியாக்கம் முதலிய அயல் பிசின்கள், தார்ச் சாயங்கள், கனிம நிறமிகள் ஆகியவை அறவே கூடாது என்று விதி பெயர் சொல்லித் தடுத்தது. கொலோபனியைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. பொருளைப் பெட்ரோலிய ஈதரில் ஊறவைத்து வடிகட்டி, தாமிர அசிடேட் கரைசலோடு குலுக்கினால், மேலே நிற்கும் ஈதர் அடுக்கு மரகதப் பச்சையாகும். ஏமாற்றுபவன் ஒரு படி ஏறினால் சோதிப்பவர் மறுபடி ஏறவேண்டும்.

வெனிலாவும் கரி அணுவும்

இந்தப் படியேற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெனிலா ஓர் எடுத்துக்காட்டு. பெருங்காயத்துக்கு அது தூரத்து உறவும்கூட. பெருங்காயத்திலிருந்து 1866இல் பிரித்தெடுத்த ஓர் அமிலத்துக்கு, பெருலாவின் பெயரால் பெரூலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். நுண்ணுயிர்களைக் கொண்டு அந்த அமிலத்தை வெனிலின் ஆக்கலாம். ஐஸ்கிரீமின் மணம் அந்த வெனிலின்தான்.

1874இல் ஜெர்மனியின் டீமான், ஹார்மான் இருவரும் வெனிலினைச் செயற்கையாக உருவாக்கினர். மூலக்கூறு இயற்கையானதேதான், விலை மட்டும் பன்மடங்கு மலிவு. அதை 'அசல் வெனிலாச் சாறு' என்று விற்பது எளிதாயிற்று. ஹார்வி வைலி என்னும் வேதியியலாரின் நீண்ட போராட்டத்தால் அமெரிக்காவில் 1906இல் தூய உணவுச் சட்டம் வந்தபோது, பொய்யான லேபிள் தனிக் குற்றமாயிற்று. வெனிலா மணத்துக்காகச் சேர்த்துவந்த கூமரின் என்னும் பொருள் ஈரலைப் பாதிக்கும் என்று கண்டு, 1954இல் அங்கே அதைத் தடுத்தனர். இந்திய விதிகளும் கூமரினையும், அது நிறைந்த டோங்கா கொட்டையையும் மணமூட்டியாகப் பயன்படுத்தத் தடை விதித்தன. நம் விதிகள் மணமூட்டிகளை இயற்கை, இயற்கையை ஒத்தவை, செயற்கை என மூன்றாகப் பிரித்ததும் லேபிள் உண்மை பேசவேண்டும் என்பதற்காகவே.

மூலக்கூறு ஒன்றேயானால் வேதியியல் சோதனை எப்படிப் பிரிக்கும்? இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. உயிருள்ள செடி காற்றிலிருந்து சிறிது கதிரியக்கக் கார்பன்-14ஐ ஏற்கிறது. அதன் அரை ஆயுள் 5730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள பெட்ரோலியத்தில் அது அறவே இல்லை. ஆகவே பெட்ரோலியத்திலிருந்து செய்த வெனிலினில் கார்பன்-14 இராது. உடனே சிலர், மரத்தின் லிக்னினிலிருந்து செய்த வெனிலினுக்கு மாறினர். அது அண்மையில் வாழ்ந்த மரம் ஆதலால் கார்பன்-14 உண்டு. ஆய்வாளர்கள் கார்பன்-13க்குத் திரும்பினர். வெனிலாக் கொடி அன்னாசியைப் போன்ற தனி முறையில் ஒளிச்சேர்க்கை செய்வதால், அதிலுள்ள கார்பன்-13இன் விகிதம் மரத்தினுடையதிலிருந்து சற்றே வேறுபடும். மோசடிக்காரர்கள் கார்பன்-13 செறிந்த வெனிலினைச் சிறிது சேர்த்து அந்த விகிதத்தையும் சரிக்கட்டப் பார்த்தனர். அப்போது ஆய்வாளர்கள், அந்த அணு மூலக்கூறின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றே பார்க்கத் தொடங்கினர். ஒரு லேபிளில் 'இயற்கை' என்ற சொல் உண்மையா என்று அறிய அணுக்கருவரை போகவேண்டியிருக்கிறது!

மூன்று பங்கும் ஒரு கடைக்காரரும்

சோதனை எவ்வளவு நுட்பமானதாயினும், மாதிரி எடுக்கும் முறை சரியில்லை என்றால் வழக்கு நிற்காது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உணவு ஆய்வாளர் கடையில் விலைகொடுத்து மாதிரி வாங்குவார். அதை மூன்று பங்காக்கி முத்திரையிடுவார். ஒன்று பொதுப் பகுப்பாய்வாளருக்கு. மற்ற இரண்டும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரியிடம். குற்றம் சாட்டப்பட்டவர், அறிக்கை கிடைத்த 10 நாளுக்குள், இன்னொரு பங்கை மத்திய உணவு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதன் சான்றே இறுதி. ஒரே பொருளை இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடுவது நாம் ஆய்வகத்தில் கடைப்பிடிக்கும் நெறிதானே? சட்டமும் அதையே பின்பற்றியது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கடுமை இருந்தது. நிர்ணயித்த எண்ணிலிருந்து விலகினாலே பொருள் பொதுவாகக் 'கலப்படம்' ஆகிவிடும். உடலுக்குக் கேடா இல்லையா என்ற கேள்வி இல்லை. 1964ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 6 மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும். 'எனக்குத் தெரியாது' என்று கடைக்காரர் சொல்லித் தப்ப முடியாது. எழுத்து மூலமான உத்தரவாதத்தோடு வாங்கி, வாங்கிய நிலையிலேயே விற்றதாக அவர் நிறுவினால்தான் விடுதலை. ரசீதும் உத்தரவாதமாகும்.

2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, இதை மாற்றியது. குற்றங்களை அது தரம் பிரித்தது. தரக்குறைவான உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், லேபிள் பிழையான உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். உயிருக்குக் கேடான உணவுக்கு மட்டும் சிறை. மரணம் நேர்ந்தால் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் தண்டனை வரை. மாதிரி இப்போது நான்கு பங்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும். பெருங்காயத்தின் பழைய எண்கள் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் அப்படியே இடம்பெற்றன.

இது நல்லதா? மைதா சற்றுக் கூடியதற்காக ஒரு சிறு கடைக்காரரைச் சிறைக்கு அனுப்புவது நியாயமன்று. அதேசமயம், பெரிய மோசடிக்காரருக்கு அபராதம் தொழிற்செலவில் ஒன்றாகிவிடவும் கூடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும் பொறுப்பை உங்களுக்கே விடுகிறேன். ஒன்று மட்டும் உறுதி: ஆபத்து இருக்கும் இடத்தில் சட்டம் விரைந்து செயல்பட முடியும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் மாதிரிகளில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் இருப்பதை அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கண்டறிந்ததும், 17ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் அந்தச் சாயமேற்றிய மிட்டாய்க்குத் தடை வந்தது.

லேபிளுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

'மாவுதானே, போகட்டும்' என்று நீங்கள் எண்ணலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருக்குச் சிறுகுடலைப் புண்ணாக்கும். சீலியாக் நோய் என்று அதற்குப் பெயர். அவர்கள் சப்பாத்தியையும் ரொட்டியையும் விட்டுவிட்டு இட்லி சாம்பார் போதும் என்று இருப்பார்கள். சாம்பாரில் இட்ட பெருங்காயத்தில் மைதா இருந்தால்? அவர்களைக் காப்பது லேபிளில் உள்ள அந்த ஒரு வரிதான். 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகள் குளூட்டன் உள்ள தானியத்தைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்கின்றன.

கண்காட்சிக்குத் திரும்புவோம். அன்று அண்ணாச்சி பேசியபின், எட்டு மாதிரிகளின் உறைகளையும் வரிசையாகப் படித்தோம். ஏழில் 'கூட்டுப் பெருங்காயம்' என்று இருந்தது; மாவின் பெயரும் இருந்தது. எட்டாவது ஒரு சிறிய பிளாஸ்டிக் பொட்டலம். 'பெருங்காயம்' என்ற ஒற்றைச் சொல். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, என்ன கலந்தது என்றும் இல்லை. எட்டையும் ஒன்றாகப் பழித்த எங்கள் அட்டை, உண்மையில் பழிக்கவேண்டிய ஒன்றை மற்ற ஏழுக்குள் மறைத்துவிட்டது.

"இது எந்தக் கடை?" என்று கேட்டேன். வாங்கிவந்த மாணவன் தயங்கினான். அண்ணாச்சியே பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கடைதான் சார். லைன்ல வாரவர் போட்டுட்டுப் போனது. வெல கம்மி."

"பில் இருக்கா அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் நான் கடைக்குப் போனபோது அந்தப் பொட்டலச் சரம் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் அட்டையை மாற்றி எழுதினோம்: "எட்டிலும் மாவு உண்டு. ஏழு அதைச் சொல்கின்றன. ஒன்று சொல்லவில்லை."

நீங்களும் இன்று உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்துப் பாருங்கள். ஒரு துளியை நீரில் கரைத்துப் பாருங்கள். நல்ல பிசின் பால்போல் வெளுக்கும். அயோடினும் விட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் லேபிளைப் படியுங்கள். அதில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்ற ஐயம் எழுந்தால், வாங்கியவர் என்ற முறையில் கட்டணம் செலுத்தி அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமையைச் சட்டம் உங்களுக்கும் தந்திருக்கிறது. கடையில் பில் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்கும் காப்பு, நேர்மையான கடைக்காரருக்கும் காப்பு.